பிள்ளையார் கோயில் வரைக்கும்

அவருக்குச் சட்டென்று கண்ணீர் வந்துவிடும். ஆனால் விஷயம் குறைந்தது ஐம்பது வருஷத்துக்கு முந்தியதாக இருக்க வேண்டும். இல்லையென்றால் கடலுக்கு அப்பால் நடந்திருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்துவிட்டால் தேம்பியே அழுவார்.

பெரிய காஞ்சிபுரத்தில், பட்டுக்கடைகள் நெருக்கியடிக்கும் ஒரு சந்தில், மாடியில் இருந்தது அவருடைய ஸ்டுடியோ. கல்யாணம், வளைகாப்பு, காதுகுத்து எல்லாம் எடுப்பார். பட்டுக்கடைக்காரர்களுக்காக, சேலை கட்டிய பெண்களைக் குளத்துப் படியில் நடக்கவிட்டு ரீல்ஸ் எடுப்பார். ஊரில் அவருக்கு ‘டைரக்டர் சார்’ என்று பெயர். அதுவரை அவர் டைரக்ட் செய்ததெல்லாம் மாப்பிள்ளைகளைத்தான். “கொஞ்சம் சிரிங்க மாப்ள, உங்களுக்குத்தான் கல்யாணம்!”

நான் தமிழ் எம்.ஏ. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுசாகப் பார்த்த முதல் ஆள். கல்யாண வீடியோக்களில் மாலை மாற்றும்போது பின்னால் ஒரு குரல் கவிதை மாதிரி ஏதாவது பேசுமே, அதை எழுத ஆள் வேண்டும் என்று அவர் தேடியபோது போய்ச் சேர்ந்தேன். முதல் நாள் அவர் என் சான்றிதழைப் பார்க்கவில்லை.

“எந்த ஊரு தம்பி?”

சொன்னேன். வாலாஜாபாத்துக்கு இந்தப் பக்கம், பாலாற்றை ஒட்டின ஊர்.

“தெரியும், தெரியும். அங்க எந்தப் பக்கம்?”

“பஸ் நிக்கற எடத்துலேர்ந்து கிழக்கால சார்.”

“ஓ” என்றார். அந்த ‘ஓ’ முடிவதற்குள் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். “உங்க ஆளுங்க அந்தக் காலத்துல எவ்ளோ கஷ்டப்பட்டிருக்காங்க தம்பி! நெனச்சா தாங்கல.” கண்ணைத் துடைத்துக்கொண்டார். பஸ்ஸில் நின்றுகொண்டே வேலை கேட்டு வந்தவன் நான். நான்தான் அவரைத் தேற்ற வேண்டியிருந்தது.

அவர் மோசமான ஆள் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். என் தோளில் கை போடுவார். என் தட்டிலிருந்து வடையைப் பிட்டுத் தின்பார். தின்னும்போது யாராவது பார்க்கிறார்களா என்று ஒரு தடவை சுற்றிப் பார்ப்பார். பயந்து அல்ல, பார்க்கட்டும் என்றுதான். ‘பாத்தியா, நாங்கள்லாம் இப்படித்தான்’ என்று அந்த வடை எல்லாரிடமும் சொல்லும்.

எடிட்டிங் அறையில் அவர் அடிக்கடி சொல்லும் வார்த்தை, “ஸ்கின்னைத் தூக்கு.” மணப்பெண் கறுப்பாக இருந்தால் இரண்டு படி தூக்க வேண்டும். எங்கள் பக்கத்துக் கல்யாணம் என்றால் கேட்காமலே நான்கு படி தூக்கிவிடுவார். என் சித்தி மகள் தன் கல்யாண வீடியோவைப் பார்த்துவிட்டு, “யார்ரா இந்தப் பொண்ணு, என் நகையப் போட்டுக்கினு நிக்குது?” என்று கேட்டாள். இப்படி ஊர் முழுக்கத் தோலை வெளுத்துக்கொண்டிருந்த மனிதர்தான் ஒரு நாள் மத்தியானம் வெளிநாட்டுப் படம் ஒன்றைப் பார்த்துவிட்டுச் சிவந்த கண்களோடு வெளியே வந்தார். கறுப்பின மக்களுக்கு நடந்த அநியாயத்தைத் தடுக்க ஒருத்தன் காலத்தில் பின்னால் போகிற கதையாம்.

“வெள்ளக்காரன் பண்ணாத கொடுமையா தம்பி! மனுஷன் தோலப் பாத்து ஒதுக்கறதா? சே! இந்த மாதிரி ஒண்ண நம்ம ஊருக்குக் கொண்டாரணும். ஒரு டைம் மெஷின். நீ டயலாக் எழுது.”

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. அதைச் சொல்ல வெட்கமில்லை. சொல்ல என்னிடம் ஒரு கதை இருந்தது.

எங்கள் ஊரில் ஊர்த்தெருவில் நாங்கள் நடக்கலாம். ரேஷன் கடை அங்கேதான், பள்ளிக்கூடமும் அங்கேதான். செருப்புப் போட்டுக்கொண்டு போகலாம், வண்டியிலும் போகலாம். செத்த பிறகு மட்டும் போகக் கூடாது. எங்கள் பிணங்கள் தெருவைச் சுற்றிக்கொண்டு வயல் வரப்பில் போக வேண்டும். எழுதி வைத்த சட்டமில்லை. ‘வழக்கம்’ என்பார்கள். அதற்கு முந்தின ஐப்பசியில் என் பெரியம்மா செத்துப்போனாள். ஒரு வாரமாக மழை. வரப்பு கரைந்து, தொடை வரைக்கும் சேறு. தூக்கினவர்களில் ஒருத்தன் கால் வழுக்கிப் பாடை சாய்ந்து, பெரியம்மா முகம் குப்புறச் சேற்றில் விழுந்தாள். பெரியப்பாதான் இறங்கிப் போய்த் தன் துண்டால் அவள் முகத்தைத் துடைத்தார். துடைத்தும் மூக்குக்குள் இருந்த சேறு போகவில்லை. அப்போது அவர் எங்களைப் பார்த்து ஒன்று சொன்னார். “டேய், என்ன இந்த வழியா தூக்கினு வராதீங்கடா.”

இதைச் சொன்னேன். அவர் அழுதார். உண்மையாகவே அழுதார். பிறகு மூக்கைச் சிந்திவிட்டு, “அப்படியே எடுக்கறோம். ஒண்ணே ஒண்ணு, நூறு வருஷம் பின்னால தள்ளிடலாம்” என்றார்.

“சார், அது போன ஐப்பசி.”

“அதான் தம்பி சொல்றேன். போன ஐப்பசின்னா சண்ட வரும். நூறு வருஷம்னா அவார்டு வரும்.”

கதை இப்படி ஆயிற்று. காஞ்சிபுரத்துப் பட்டுக்கடை முதலாளி மகன் ஒருவன் ஒரு பழைய தறியில் உட்கார்ந்து மிதிக்கிறான். மேலே, சேலையில் பூவேலை இறக்குகிற ஜக்கார்டு பெட்டியில் டிசைன் அட்டைகள் தலைகீழாக ஓடுகின்றன. அட்டை ஓட ஓடக் காலமும் பின்னால் ஓடுகிறது. நூறு வருஷம் தாண்டி ஒரு கிராமத்தில் இறங்கி, பிணத்தைத் தெருவில் விடாத பண்ணையாரின் மனதை மாற்றுகிறான். கதாநாயகனாக நடித்தவனும் நிஜமாகவே பட்டுக்கடை முதலாளி மகன்தான். படத்துக்கு ஆன செலவு அவன் அப்பாவுடையது. சின்ன காஞ்சிபுரத்தில் யாரோ கழற்றிப் போட்ட தறியை வாங்கிவந்து, அதில் கல்யாண மண்டபத்து சீரியல் பல்புகளைச் சுற்றினார்கள். அதுதான் டைம் மெஷின்.

பண்ணையாரைப் பார்த்துக் கதாநாயகன் பேசுகிற வசனத்தை அவரே சொல்லி என்னை எழுதச் சொன்னார். “ஒரு மனுஷனப் பாத்தா எந்தப் பக்கம்னு கேக்காத! என்ன பேருன்னு கேளு!” சொல்லி முடித்ததும் அவருக்கே புல்லரித்துவிட்டது. கையை நீட்டி முடியைக் காட்டினார். நான் பார்த்தேன். என்னை முதல் நாள் என்ன கேட்டார் என்பது அவருக்கு நினைவிருந்ததாகத் தெரியவில்லை.

லொக்கேஷனுக்கு என் ஊரையே பார்க்கப் போனோம். வயல் வரப்பு, ஊரைவிட்டுத் தள்ளி இருக்கும் எங்கள் வீடுகள், எங்களுக்கென்று தனியாக நிற்கிற தண்ணீர்த் தொட்டி, எல்லாவற்றையும் சுற்றிப் பார்த்தார். அவர் முகம் குழந்தை முகம் மாதிரி மலர்ந்தது.

“தம்பி! செட்டே வேணாம்பா. நூறு வருஷம் முன்னால இருந்த மாதிரி அப்படியே வெச்சிருக்காங்க! கரண்டு கம்பிய மட்டும் கம்ப்யூட்டர்ல அழிச்சுட்டா போதும்.”

இதைச் சொல்லிவிட்டு ஒரு வினாடியாவது நின்று யோசிப்பார் என்று பார்த்தேன். அதற்குள் போனை எடுத்து வரப்பைப் படம் பிடிக்கத் தொடங்கிவிட்டார்.

ஊர்த்தெருவில் எடுக்க அனுமதி வேண்டும். தெருவில் ஒரு முன்னாள் பஞ்சாயத்துத் தலைவர் இருக்கிறார். பதவி போனாலும் தலைவர்தான். அவர் சொன்னால்தான் நடக்கும். டைரக்டர் அவரிடம் போய், பண்ணையார் வேஷம் உங்களுக்குத்தான் என்று சொல்லிவிட்டார். கடைசியில் மனம் திருந்தும் வேஷம். தலைவர் உருகிப்போனார்.

“தாராளமா எடுங்க டைரக்டர் சார். அந்தக் காலத்துல அப்படி இருந்தாங்க. இப்ப ஏது அதெல்லாம்?” என்றவர், எழுந்து போகும்போது திரும்பி நின்றார். “பாடை பிள்ளையார் கோயில் வரைக்கும் வரட்டும். அதத் தாண்ட வேணாம். சினிமான்னாலும் பாடை பாடைதான?”

பிள்ளையார் கோயில் தெருவின் பாதியில் இருக்கிறது.

“அதுக்கென்ன தலைவரே, ஆங்கிள்ல சமாளிச்சுக்கலாம்” என்றார் டைரக்டர்.

வழியில் நான் கேட்டேன். “சார், படத்துலயே பாதி தெருதானா?”

“நீ ஒண்ணு தம்பி. பாதி தெருவே பெரிய புரட்சி. அப்படியே ஃப்ரீஸ் பண்ணிட்டா முழுசும் போன மாதிரிதான்.”

ஆவணியில் படப்பிடிப்பு. எங்கள் பையன்கள் ஆசையாகக் குளித்துத் தலைவாரிக்கொண்டு நின்றார்கள். அவர் அவர்களை மேலும் கீழும் பார்த்தார். “பாவமா தெரியலையேப்பா. ஜீன்ஸ் போட்டுக்கினு, கட்டிங் பண்ணிக்கினு, யாரு நம்புவான்?” காஞ்சிபுரத்திலிருந்து வேனில் பையன்களைக் கொண்டுவந்து, கரியும் எண்ணெயும் குழைத்துப் பூசி, அவர்களை ஒடுக்கப்பட்டவர்கள் ஆக்கினார். எங்கள் பையன்கள் குடை பிடித்தார்கள், பூச்சு வியர்வையில் வழியாமல் இருக்க. ஒருத்தன் கேட்டான், “சார், அவன் கையில பூசறதுக்கு பதிலா என் கையவே எடுங்களேன், செலவு மிச்சம்.” எல்லாரும் சிரித்தார்கள். டைரக்டரும் சிரித்தார். பூச்சு தொடர்ந்தது.

ஆனால் பாடையைத் தூக்க வேன் பையன்கள் யாரும் வரவில்லை. வீட்டில் திட்டுவார்களாம். அதில் படுக்கவும் ஆளில்லை. அப்போது பெரியப்பா பீடியை அணைத்துவிட்டு முன்னால் வந்தார்.

“நான் படுக்கறேன்பா. செத்தப்பறம் விடாத தெருவுல உசுரோட ஒரு தடவ படுத்துக்கினு போறேனே.”

எங்கள் ஆட்களே தூக்கினார்கள். டைரக்டர் பெரியப்பாவின் பெயரைக் கேட்கவே இல்லை. அன்று முழுக்க அவருக்குப் ‘பாடி’ என்றுதான் பேர். “பாடிக்கு டீ குடுங்க.” “பாடி எங்கப்பா போச்சு?” “பாடி, கால் கட்டவிரல் ஆடுது! ஆட்டாத!” பெரியப்பாவுக்கு என்ன செய்தும் கட்டைவிரல் ஆடிக்கொண்டே இருந்தது. மூன்று தடவை எடுத்தார்கள். மூன்று தடவையும் தலைவர் தன் சொந்த வேட்டியோடு, சொந்த வீட்டு வாசலில் நின்று கையைக் கூப்பி, “போங்கப்பா, எல்லாரும் மனுஷங்கதான்” என்று வசனம் பேசினார். மூன்று தடவையும் பாடை பிள்ளையார் கோயில் வரைக்கும் வந்தது. “கட்! பேக் போங்க!” மூன்று தடவையும் திரும்பிப் போனது.

எங்கள் பக்கத்துப் பெண்கள் தூரத்தில் நின்று முணுமுணுத்தார்கள். “தூக்கன பாடையத் திருப்பறாங்களே. கண்றாவி! தூக்கனா போய்க்கினே இருக்கணும்.”

சாயங்காலம் பெரியப்பா முகத்து மஞ்சளைக் கழுவிக்கொண்டே என்னிடம் சொன்னார். “அந்தத் தெருவுல வேப்பமரம் எவ்ளோ ஒசரம் தெரியுமாடா? இத்தினி வருஷம் ரேஷனுக்குப் போறேன், தெரில. படுத்துக்கினு பாத்தாதான் தெரிது. பாதி தூரம்தான் பாத்தேன்.”

கார்த்திகை மழையில் பெரியப்பா செத்துப்போனார். விடியற்காலையில் டீத்தண்ணி கேட்டார். கொண்டுபோவதற்குள் போய்விட்டார். வெளியே வயல் முழுக்க வெள்ளம். வரப்பு எங்கே என்றே தெரியவில்லை. அவருடைய ஒரே மகள், என் அக்கா, அழுவதற்கு முன்னால் என்னைப் பார்த்தாள். “அம்மாவத் தூக்கினு போன வழியில அப்பாவத் தூக்க உடமாட்டேன்” என்றாள்.

நான் வண்டியை எடுத்துக்கொண்டு காஞ்சிபுரம் போனேன். ஸ்டுடியோவில் அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இன்று இறந்தது யார் என்று சொன்னேன். பெரியப்பா என்ன கேட்டிருந்தார் என்று சொன்னேன். “நீங்க வந்து கேமராவோட நின்னா போதும் சார். உங்கள யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க.”

முதலில் பயந்தார். பிறகு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். “லைவா?” என்றார். கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது. அது என்ன வெளிச்சம் என்று அப்போது எனக்குப் புரியவில்லை. துக்கம் என்று நினைத்துக்கொண்டேன். அவரேதான் போனை எடுத்தார். அவரேதான் தலைவரிடம் பேசினார். “ஒண்ணுமில்ல தலைவரே, சின்ன பேட்ச் ஒர்க், விட்டுப்போன ஒரு ஷாட்டு. அதே பாடை சீன். ஆமா ஆமா, பிள்ளையார் கோயில் வரைக்கும்தான்.” நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

அன்று மத்தியானம் எங்கள் பக்கத்தில் சாவு விழுந்த சத்தமே இல்லை. மேளம் அடித்தால் தெருவுக்குத் தெரிந்துவிடும். பறைகளைச் சாக்கில் சுற்றி வைத்தார்கள். பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்கள். அக்கா முந்தானையைச் சுருட்டி வாய்க்குள் அடைத்துக்கொண்டாள். தகப்பனுக்கு அழக்கூட அனுமதியில்லாமல் ஒரு மகள் நிற்பதைப் பார்த்தேன். இதை எந்தத் தறியை மிதித்து எந்தக் காலத்துக்குத் தள்ளுவது?

தூறல் விழுந்துகொண்டிருந்தது. பாடை தெருவுக்குள் நுழைந்தது. டைரக்டர் முன்னால் கேமராவோடு பின்பக்கமாகவே நடந்தார். ஒருத்தன் அவருக்குக் குடை பிடித்தான். வீட்டு வாசல்களில் ஜனங்கள் வேடிக்கை பார்த்தார்கள். தலைவர் வெளியே வந்து, கேமரா இருப்பதைப் பார்த்ததும் கையைக் கூப்பி, “போங்கப்பா, எல்லாரும் மனுஷங்கதான்” என்றார்.

போனோம்.

பிள்ளையார் கோயில் வந்தது.

“கட்!” என்றார் டைரக்டர்.

பாடை நிற்கவில்லை. தூக்கினவர்கள் அவரைப் பார்க்கக்கூட இல்லை. அவர் பின்பக்கமாக நடந்து வந்தவர், ஓரமாக ஒதுங்க வேண்டியதாயிற்று. “கட் கட்! ஒன் மோர் போலாம். பேக் போங்கப்பா. பாடியத் திருப்புங்க!” குரல் கீச்சென்று ஆகிவிட்டது. என் கையைப் பிடித்து இழுத்தார். “தம்பி, பேசிக்கினது கோயில் வரைக்கும்தான? சொல்லு அவங்களுக்கு!”

அப்போதுதான் அக்கா வாயிலிருந்து முந்தானையை எடுத்தாள்.

“எப்பா…”

அந்த ஒரு சத்தம். தெருவில் ஒவ்வொரு முகமாக மாறியது. பொய் அழுகைக்கும் நிஜ அழுகைக்கும் வித்தியாசம் கேமராவுக்குத் தெரியாது, மனுஷருக்குத் தெரியும். பின்னால் சாக்கைப் பிரித்துவிட்டார்கள். காலையிலிருந்து அடக்கி வைத்த பறை ஒரே அடியாக எழுந்தது. தலைவர் கூப்பின கையை இறக்க மறந்து அப்படியே நின்றார். யாரோ கத்தினார்கள், யாரோ கதவைச் சாத்தினார்கள். நாங்கள் வேப்பமரத்தைத் தாண்டினோம். மீதித் தெருவையும் தாண்டினோம்.

நான் ஒரு தடவை திரும்பிப் பார்த்தேன். டைரக்டர் பிள்ளையார் கோயில் சுவரில் ஒட்டிக்கொண்டு, லென்ஸுக்கு மூடி போட்டுக்கொண்டிருந்தார். மூடி சரியாக உட்காரவில்லை. திருப்பித் திருப்பிப் போட்டார்.

மறுநாள் ஊர்த்தெருக்காரர்கள் புகார் கொடுத்தார்கள். காவல் நிலையத்தில் டைரக்டர் எழுதிக் கொடுத்தார்: நிஜப் பிணம் என்று தனக்குத் தெரியாது, தன்னிடம் வேலை செய்கிறவன் பேட்ச் ஒர்க் என்று பொய் சொல்லி ஏமாற்றிவிட்டான். வெளியே வந்து என்னிடம், “தப்பா எடுத்துக்காத தம்பி, தொழில் இருக்குது பாரு” என்றார். என் தோளில் கை போட வந்தார். நான் தள்ளி நின்றேன். இந்தத் தடவை சுற்றிலும் யார் பார்க்கிறார்கள் என்று அவர் பார்த்தது வேறு மாதிரி இருந்தது.

அடுத்த சாவு எந்த வழியாகப் போகும் என்று எங்கள் ஊரில் இன்னும் பேசிக்கொண்டுதான் இருக்கிறார்கள். அதிகாரிகள் வந்து பேசுகிறார்கள், போகிறார்கள்.

படம் இந்த மாசி மாதம் பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் திரையிடப்பட்டது. அழைப்பு எனக்கும் போனில் வந்தது, பழைய குழுவில் என் எண்ணை எடுக்க மறந்திருப்பார். போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்தேன். மேடையில் தலைவருக்குச் சால்வை. பட்டுக்கடை முதலாளிக்குப் பெரிய சால்வை. டைரக்டர் மைக்கைப் பிடித்து, “நூறு வருஷத்துக்கு முன்னாடி…” என்று ஆரம்பித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

படம் ஓடியது. சீரியல் பல்பு மின்ன, அட்டைகள் தலைகீழாக ஓடின. கடைசிக் காட்சி வந்தது. நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். தெரு நனைந்திருந்தது. ஆவணியில் எடுத்தபோது தெருவில் பொட்டு ஈரம் இல்லை. கால் விரல்களைப் பார்த்தேன். இரண்டு கட்டைவிரல்களையும் சேர்த்துத் துணியால் கட்டியிருந்தது. அவை ஆடவில்லை.

தனக்கு எதுவும் தெரியாது என்று எழுதிக் கொடுத்தவர் அன்று எடுத்ததை அழித்துவிடவில்லை. சத்தத்தை மட்டும் எடுத்துவிட்டு வீணை போட்டிருந்தார். பாடை பிள்ளையார் கோயில் வரைக்கும் வந்தது. அங்கே படம் உறைந்து நின்றது. ‘அன்று திறந்தது பாதை’ என்று எழுத்து வந்தது. மண்டபமே கைதட்டியது.

என் பக்கத்தில் இருந்தவர் கண்ணைத் துடைத்துக்கொண்டே என் பக்கம் சாய்ந்தார்.

“பொணமா நடிச்சாரே ஒரு பெரியவரு, இன்னா நடிப்புபா! மூச்சு கூட உடல பாருங்க. அப்படியே நிக்குது மனசுல.”

“அவரு அங்க நிக்கலைங்க” என்றேன். “கோயிலத் தாண்டிப் போயிட்டாரு.”